ஓடாத மோட்டார்

“மோட்டார் ஓடுற சத்தம் கேக்குதா அண்ணாச்சி?”

சங்கிலிமுத்து மறுபடியும் அதையே கேட்டான். சாத்தூரில் கேமரா பழுது பார்க்கும் ராக்கப்பனுக்கு லேசாக எரிச்சல் வந்தது.

“பொறுங்க தம்பி. எம்புட்டு நாளாப் பெட்டியில கெடந்துச்சு?”

“நாலு வருசம் இருக்கும். மச்சான் வெளிநாட்டுலருந்து கொண்டாந்தது. மக ஆண்டு விழாவுல ஆடுறாளேன்னு முந்தாநாள் எடுத்தேன். தூரத்துல நின்ன வேப்பமரம் தெளிவாத்தான் தெரிஞ்சுது. ஆனா போகஸ் பண்ணும்போது கிர்ர்னு சன்னமா ஒரு சத்தம் வருமே, அதக் காணோம்.”

ராக்கப்பன் பேட்டரியை மாற்றினார். லென்ஸின் பித்தளைப் புள்ளிகளை ரப்பரால் தேய்த்தார். வளையத்தைக் கையால் இப்படியும் அப்படியுமாக மெல்ல உருட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். சங்கிலிமுத்து வியர்வையைத் துடைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்படி என்ன பதட்டம்? விழா இன்னைக்கா?”

“இல்ல, அடுத்த வாரம். மோட்டார் ஓடுதா ஓடலையா, அத மட்டும் சரியாப் பாத்துச் சொல்லுங்க.”

ராக்கப்பன் கடையிலிருந்த வேறொரு லென்ஸை அதே கேமராவில் மாட்டி அழுத்தினார். கிர்ர்ர்.

சங்கிலிமுத்து ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான். “கேக்குது அண்ணாச்சி. இன்னொரு தடவ அமுக்குங்க.”

அழுத்தினார். மறுபடி கிர்ர்ர்.

“கேமரா நல்லாத்தான் இருக்கு. ஒங்க லென்ஸ்லதான் மோட்டார் போயிருச்சு. சும்மாவே கெடந்ததுல உள்ள கிரீஸ் இறுகி, தூரத்துப் போகஸ்லயே நின்னுபோச்சு. அதான் மரம் தெளிவாத் தெரிஞ்சிருக்கு. இனி ஒண்ணும் செய்ய முடியாது தம்பி.” சொல்லும்போதே ராக்கப்பனுக்குப் பாவமாக இருந்தது.

“நெசமாவா? மோட்டார்தான் போச்சா?”

“நெசமாத்தான்.”

சங்கிலிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். எதிர்க் கடையைப் பார்த்து இரண்டு டீயும் வடையும் சொன்னான்.

“லென்ஸ் செத்துப்போச்சுங்கேன், நீங்க வடை வாங்கித் தாறீக?”

“புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில வெடியக் கொளுத்திச் சத்தம் பாக்குற வேல எனக்கு. முன்னால அந்த வேலையில இருந்தவருக்குச் சன்னமான சத்தந்தான் மொதல்ல கேக்காமப் போச்சு” என்றான் சங்கிலிமுத்து. “வீட்டுலகூடச் சொல்லல அண்ணாச்சி. போனது என் காதுன்னுல்ல ரெண்டு நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்.”