பாலில் கரைத்த வெயில்

செம்பட்டியின் காலை வெயில் மொட்டை மாடியில் கொட்டிக் கிடக்கிறது. கௌசல்யா வெறுங்கையால் மிளகாயைப் புரட்டிப் பரப்புகிறாள். புருஷன் அஜித் படிக்கட்டு நிழலைத் தாண்டாமல், வைட்டமின் டி பவுடர் கரைத்த பால் தம்ளரை நீட்டுகிறான். “ஏ புள்ள, கறுத்துப்போவ, உள்ள வா. எலும்புக்கு இதைக் குடிச்சாப் போதும்.” “வெயில்ல நில்லுன்னுதான டாக்டர் சொன்னாரு?” என்கிறாள். “நாளைக்கு எங்க வீட்டுக் கல்யாணம். போட்டோவுல கரியாட்டம் நிப்பியா?” அவனை ஏற இறங்கப் பார்க்கிறாள். அவன் கழுத்தில் அப்பிய முகப்பவுடர் வியர்வையில் திட்டுத்திட்டாக வழிகிறது. தம்ளருக்குள் எட்டிப் பார்க்கிறாள். “நல்லா வெள்ளையா இருக்கு. நீங்களே குடிங்க.” தலையில் போட்டிருந்த துண்டை உருவி அவன் காலடியில் எறிந்துவிட்டு, முகத்தை நிமிர்த்தி வெயிலுக்குக் கொடுக்கிறாள்.