கீழ்வீட்டு அப்டேட்

"மறுபடியும் அப்டேட் ஆயிடுச்சாமா?" ஷோபா எரிச்சலோடு கேட்டாள்.

"ஆமா. பிரிண்டர் வேலை செய்யலையாம். பழையபடி மாத்திக் கொடுத்துட்டு வந்துடறேன்." ராகேஷ் கிளம்பினான்.

"பிரேசர் டவுன் பூரா வேற ஆளே இல்லையா?"

இந்த மாதத்தில் இது நாலாவது தடவை. கீழ்வீட்டில் தனியாக இருக்கும் பெர்னதெத் ஆன்ட்டி, வாராவாரம் சர்ச்சுக்குப் பாட்டுத்தாள் அச்சடித்துக் கொடுப்பவர். கம்ப்யூட்டரில் அந்தப் புது அப்டேட் ஏறினால் பிரிண்டர் மக்கர் செய்யும். உடனே போன் வரும். "ராகேஷ், ஸ்வல்ப, கொஞ்சம் வந்து பாருப்பா!"

ராகேஷுக்கு வேலை போய் மூன்று மாதம். வீட்டில் சும்மா இருக்கிற ஆள்தானே என்று இப்படியா வேலை வாங்குவது?

மறுநாள் காலை ஷோபாவுக்குப் பொறுக்கவில்லை. நேரில் கேட்டுவிடுவது என்று படியிறங்கினாள்.

கதவு திறந்திருந்தது. ஆன்ட்டி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மவுஸை மெல்ல நகர்த்தி, திரையிலிருந்த 'அப்டேட்' பட்டனைத் தானே அழுத்தினார்.

"ஆன்ட்டி! நேத்துதானே அவர் அதை எடுத்துவிட்டாரு?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அவன்கிட்ட சொல்லிடாதேம்மா. வேலை போனதுலேர்ந்து யார்கிட்டயும் பேசறதில்லேன்னு நீதானே அன்னிக்கு மாடிப்படியில அழுதே? இதைச் சரிபண்றப்போ மட்டும் வாய் ஓயாம பேசறான். நேத்து சிரிச்சான்கூட. எனக்கு வேற என்ன பண்ணத் தெரியும்?"

கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு ஷோபா மாடியேறினாள்.

மத்தியானம் போன் வந்தது. ராகேஷ் போய்விட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தான். வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, பல நாளாகத் தொடாமல் வைத்திருந்த வேலை விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்தான்.

ஷோபா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏங்க, அந்த அப்டேட் திரும்ப வராம நிறுத்த வழியே இல்லையா?"

"இருக்கே. ரெண்டு நிமிஷ வேலை."

"அப்புறம் ஏன் நிறுத்தலே?"

ராகேஷ் குரலைத் தாழ்த்தினான்.

"பொண்ணு கனடா போனதுலேர்ந்து அந்த வீட்டுக்கு யாருமே வர்றதில்லே, ஷோபா. பேச்சுத் துணைக்காக ஆன்ட்டியேதான் அதை அழுத்தறாங்க. ரெண்டாவது தடவையே கண்டுபிடிச்சுட்டேன். நீ ஒண்ணும் கேட்டுடாதே, பாவம்!"