கனவில் வந்த அத்தை

“நேத்து ராத்திரி துமார் அத்தை கனவுல வந்தாங்க, புருல். போர்சோக் வேணும்னு கேட்டாங்க” என்றார் சகின்பெக், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எண்ணெயில் பொரிகிற போர்சோக் என்ற மாவுப் பலகாரத்தின் வாசனைதான் செத்தவர்களின் பசியை ஆற்றும் என்பது நாரின் என்ற அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சகின்பெக்குக்கு எண்ணெய்ப் பலகாரமே ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, செத்தவர்களுக்காகப் பொரிக்கும் நாளான வியாழன் தவறாமல் யாராவது அவர் கனவில் வந்தார்கள். அப்பா, அம்மா, தாத்தா எல்லோரும் வந்தாயிற்று. மனைவி புருலைப் பெற்றவர்கூட வந்துவிட்டுப் போனார்.

“துமார் அத்தையா? நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தேனே! பாவம், ரொம்ப இளைச்சுப் போயிட்டாங்க.”

புருல் மாவைப் பிசைந்து வைத்தாள். அது உப்புவதற்குள் வெளியே போய் யாருக்கோ போன் போட்டாள்.

தட்டில் போர்சோக் பொன்னிறமாகக் குவிந்தது. அத்தையின் பெயரைச் சொல்லி உருக்கமாகத் துவா ஓதி முடித்த சகின்பெக், ஆசையோடு கையை நீட்டினார். கதவு திறந்தது.

“தெருமுனை வரைக்கும் மணக்குதே! யாருக்கும்மா இதெல்லாம்?”

“உங்களுக்குத்தான், துமார் அத்தை! பசிக்குதுன்னு இவர் கனவுல வந்து கேட்டீங்களாமே?”

சகின்பெக்கின் கை அந்தரத்தில் நின்றது. ஏதோ ஓர் ஆட்டுக்காகச் சண்டை போட்டுப் பேச்சு நின்று வெகுகாலமானதில், அத்தை போய்ச் சேர்ந்திருப்பார் என்றே நினைத்துவிட்டார்.

“என்னை உயிரோடவே அனுப்பி வச்சிட்டியாடா, படுபாவி?” என்றபடி அத்தை தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மிச்சம் வைக்காம சாப்பிடுங்க அத்தை” என்றாள் புருல். “அவருக்கு வாசனை போதும்.”