தலையணைக்கு அடியில் இருந்த பைபிள்

"அம்மாவுக்கு ஒரு ஜெபம் பண்ணுங்கண்ணே" என்று மட்டும்தான் எமீமாள் கேட்டாள். யாரை நோக்கி ஜெபிப்பது என்பதிலேயே அண்ணன்மார் இருவரும் முட்டிக்கொண்டார்கள். மீட்பராய் வந்த மேசியா தேவனேதான் என்றார் பெரியவர் ஜெயசீலன். தேவன் அனுப்பியவர், அவ்வளவுதான் என்றார் சின்னவர் தாசன்.

"யோவான் இருபது இருபத்தெட்டு என்னல சொல்லுது? 'என் ஆண்டவரே, என் தேவனே'ன்னுல்லா!"

"'பிதா என்னிலும் பெரியவர்'ங்கிற பதினாலு இருபத்தெட்ட மறந்துட்டுப் பேசாதீங்க!"

ஆதாரம் காட்டும் வேகத்தில், படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மாவின் தலையணைக்கு அடியில் காவலுக்கு வைத்திருந்த பைபிளை ஜெயசீலன் உருவினார். அவள் தலை சரிந்தது. எமீமாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எவ்ளோ நேரம்ணே! முதல்ல ஜெபத்தப் பண்ணுங்க."

அம்மாவின் உதடு அசைந்தது. எமீமாள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"பைபிள வச்சிருங்க மக்கா. கழுத்து வலிக்கு."

எமீமாள் அதை வாங்குவதற்குக் கையை நீட்டினாள். அது தாசன் கைக்கு மாறியிருந்தது. அவர் இப்போதுதான் பக்கம் புரட்டத் தொடங்கியிருந்தார்.