பாலத்துல ஜாம்

“அண்ணி, உங்க மக மேடையில ஏறி உங்க மானத்தை வாங்குறா. தெரியுமா தெரியாதா?”

செருப்பைக் கழற்றும்போதே பிலோமினா ஆரம்பித்துவிட்டாள். காஹாங்கிலிருந்து குளுவாங் வரை பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வந்த கோபம்.

இன்பராணி மாவுக்குள் உருளைக்கிழங்கு மசாலா வைத்துக் கறிபாப் மடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் இருநூறு கறிபாப் கடைக்குப் போக வேண்டும். “மொதல்ல உட்காரு பிலோ. தேத்தண்ணி போடவா?”

“ஒண்ணும் வேணாம். போன வாரம் அபிகெயில் ஷோவுக்குப் போனேன். அண்ணன் மக காமெடி பண்றாளேன்னு பெருமையா சர்ச்சுக்காரங்க நாலு பேரையும் கூட்டிக்கிட்டுப் போனேன். எனக்கு வேணும்!”

“அப்படி என்ன சொன்னா?”

“என்ன சொல்லல? ஐஸ்கிரீம் டப்பாவுல நீங்க மிளகாய்ச் சம்பல் வைக்கிறது, செருப்பைத் தூக்கிட்டு அவளைத் துரத்துனது, எல்லாத்தையும் சொல்லிட்டா.”

“செருப்புக்குச் சிரிச்சாங்களா?”

“சிரிக்காம? எல்லாம் மேடையில காமெடி பேசுற அந்த மெக்சிகோக்காரங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டது. சனிக்கிழமை ஜொகூர் பாருவுக்கு ஒருத்தன் வர்றானாமே, அமெரிக்காவுலேருந்து. அவனுக்கு முன்னால இவ பத்து நிமிஷம் பேசப் போறாளாம். பெத்த தாயை வித்துக் காசாக்குற கூட்டம் லா அது!”

“அவங்க அம்மாங்களும் செருப்பைத்தான் தூக்குறாங்க,” என்றாள் இன்பராணி. “ஒருத்தனோட அப்பா வேலைக்குன்னு எல்லை தாண்டிப் போயி, திரும்பியே வரலையாம். அதைச் சொல்லி ஒரு மண்டபத்தையே சிரிக்க வைக்கிறான். போன்ல பார்த்தேன், கீழே மலாய்ல எழுத்து ஓடுது. பார்க்கப் பார்க்க நம்ம வீடு மாதிரியே இருந்துச்சு.”

“அலமாக்! நீங்களுமா அதைப் பார்க்குறீங்க?”

இன்பராணி அடுத்த கறிபாப்பை எடுத்தாள். பிலோமினாவின் குரல் இறங்கியது.

“அண்ணனைப் பத்தியும் சொன்னா, அண்ணி.”

இன்பராணியின் விரல்கள் நின்றன.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, வண்டி நெரிசல் தீராத எல்லைப் பாலம் வழியாகச் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பியவன் அவள் புருஷன் ரோலண்ட். போனவன் போனவன்தான். அங்கே வேறு குடும்பம் என்று பிற்பாடு காதில் விழுந்தது. அதற்கப்புறம் இந்த வீட்டில் யாரும் அவன் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. புருஷன் வீட்டுச் சனம் மொத்தமும் ஒதுங்கிக்கொண்டபோது, அரிசியும் காய்கறியுமாக வாராவாரம் வந்து நின்றவள் அவன் தங்கை பிலோமினா ஒருத்திதான். அவள் முகம் கோணுவதை இன்பராணியால் தாங்க முடியாது.

“என்னன்னு சொன்னா?”

“‘எங்க அப்பா வெள்ளிக்கிழமை வந்துடுறேன்னு சிங்கப்பூர் போனாரு. எட்டு வருஷமாச்சு. பாவம், பாலத்துல ஜாம்!’னு சொன்னா.”

“உடனே சிரிச்சாங்களா?”

“மொதல்ல ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் ஒரே சிரிப்பு. என் பக்கத்துல இருந்த பொம்பளை சிரிச்சுக்கிட்டே கண்ணைத் தொடைக்கிறா.”

“எவ்வளவு நேரம் சிரிச்சாங்க?”

“மானம் போச்சுங்கிறேன், நீங்க மணி கேக்குறீங்களே!”

இன்பராணி சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பிலோமினாவுக்கு மனசு கரைந்துவிட்டது. எழுந்து போய் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“அழாதீங்க அண்ணி. அவன் பண்ணதை நினைச்சா எனக்கே வெட்கமா இருக்கு. அதை ஊர் கேட்கச் சொல்லணுமா? நீங்க சொன்னா அபி கேட்பா. அந்தப் பேச்சை எடுக்கச் சொல்லுங்க. சனிக்கிழமையும் அவ அதையே பேசினா, இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்.”

இன்பராணி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“சனிக்கிழமை நீயும் வா பிலோ. நானும் இதுவரைக்கும் அவ பேசிப் பார்த்ததில்ல. முன் வரிசையில என் பக்கத்துல உட்காரு. உனக்குப் பிடிக்கலைன்னா ரெண்டு பேருமே எழுந்து வந்துடுவோம்.”

பிலோமினா பையைத் தோளில் மாட்டினாள். “உங்களுக்காகத்தான் வர்றேன்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அப்போதும் தேத்தண்ணி குடிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் கிளினிக் வேலை முடிந்து அபிகெயில் வந்தாள்.

“பஸ் நிலையத்துல அத்தையைப் பார்த்தேன்மா. கூப்பிட்டேன், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. பாலத்து ஜோக்கை எடுத்துடவா?”

“எடுக்காதே. அதுக்கு முடிவுதான் சரியில்ல,” என்றாள் இன்பராணி.

மாவுக் கையைத் தட்டிவிட்டு, அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தாள். ஐஸ்கிரீம் டப்பா, செருப்பு, பாலத்து ஜாம் என்று அபிகெயில் மேடையில் சொன்ன அத்தனையும், அவள் மேடை ஏறுவதற்கு முன்பே இன்பராணி தன் கைப்பட எழுதிக் கொடுத்தவை, அதில் இருந்தன. கடைசி வரிக்குக் கீழே ஏதோ எழுதி மகளிடம் நீட்டினாள்.

“நான் சொன்னா புலம்பல்னுடுவாங்க, நீயே சொல்லு. இந்த இடம் வரும்போது மட்டும் என்னைப் பார்க்காதே, அத்தையைப் பாரு.”

அபிகெயில் வாய்விட்டுப் படித்தாள்: “அவரு கூடப் பொறந்த எங்க அத்தை, காஹாங்கிலேருந்து வாராவாரம் அரிசியைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. அவங்களுக்கு மட்டும் எந்த வழியிலயும் ஒரு நாளும் ஜாமே இல்ல!”