இடதுபக்கம் வராது

ஆட்டக்காரர்களின் திறமையை எடைபோடும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதை லூர்துமேரி விட்டு வெகுநாளாயிற்று. அது சொல்வதை வாசித்துக் காட்டுவதுதான் இப்போது அவள் வேலை.

கால்பந்து அணித் தேர்வுக்கு வந்திருந்த ரூபன் வலதுபக்கம் நின்றான், நடுவில் நின்றான்; ஒருவனையும் கோல் பக்கம் விடவில்லை. இடதுபக்கம் நிறுத்தியபோது மட்டும் ஒவ்வொரு பந்தையும் கோட்டைவிட்டான்.

"இடது எனக்கு வராதுக்கா. வேற எங்க வேணா நிறுத்துங்க."

அணியின் இடதுபக்கம் அவன் அண்ணன் ஜெரால்டுடையது. ஒரே இடத்துக்கு இரண்டு பேர் பொருந்தினால் மூத்தவனை இயந்திரம் அப்போதே கழித்துவிடும்.

"வராதுன்னே போட்டுத் தொலையேன்" என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தாள் லூர்துமேரி.

முடிவு வந்தது. அலுப்போடு வாசித்தாள்.

"இடதுபக்கம் நன்றாக வரும். அண்ணனுக்காக வேண்டுமென்றே விடுகிறான். கூட ஆடுபவனைக் காப்பாற்றும் குணம் நம் ஆட்டமுறைக்கு அவசியம். இடதுபக்கத்துக்கு இவனே பொருத்தம்."

"அப்ப அண்ணன்?"

அவள் பதில் சொல்வதற்குள் மைதானத்துக் கதவை யாரோ தட்டினார்கள். தம்பியைக் கூட்டிப்போக வந்திருந்த ஜெரால்டின் குரல்தான்.

"லூர்தக்கா, கதவு என் கைரேகைய எடுக்க மாட்டேங்குது. காலையில கூட எடுத்துச்சே. என்னான்னு கொஞ்சம் பாருங்க."