எண் அல்லாதவை

பட்டியலின் கடைசிப் பெயரையும் தலைமையாசிரியர் வாசித்து முடித்துவிட்டார்.

இருநூற்றுப் பதினொரு பிள்ளைகள் புது ஷூவோடு மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் வரிசை நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஒன் பேரு லிஸ்ட்ல இல்லையேம்மா பூவிழி. அளவு குடுத்தியா?"

"குடுத்தேன் சார். டீச்சர்தான் எழுதிக்கிட்டாங்க."

மேடையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தவள் அந்தச் சிறுமியின் கால்களைப் பார்த்தாள்.

இடது கால் வயதுக்கேற்ற கால். வலது கால் சின்னது. உள்பக்கமாகத் திரும்பியிருந்தது.



பிள்ளைகளுக்கு ஷூ வாங்கித் தர அவளுடைய அலுவலக நண்பர்கள் பொறுப்பு. பட்டியலுக்கு அவள். பள்ளியிலிருந்து வந்த அளவுகளை அவளுடைய புரோகிராம்தான் தொகுத்தது. அளவு இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் எண்கள். எங்கோ ஓரிடத்தில் எழுத்து கலந்திருக்க, புரோகிராம் பாதியில் நின்றுவிட்டது.

எண்ணாக இருப்பதை மட்டும் வைத்துக்கொள், மற்றதை வேறு பட்டியலில் தள்ளு என்று ஒரு வரி எழுதினாள். கம்ப்யூட்டர் முணுமுணுக்காமல் செய்தது. ஒரே வரியில் முடித்ததாக எல்லோரிடமும் பீற்றிக்கொண்டாள்.

தள்ளிய பட்டியலுக்கும் ஒரு பெயர் வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர் வைப்பது அவள் வழக்கம். வாயில் வந்ததை வைத்தாள்.

குப்பை.

அதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

இப்போது மேடையைவிட்டு இறங்கினாள். படிக்கட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

உள்ளே இருந்தது ஒரே ஒரு வரி.

பூவிழி, ஆறாம் வகுப்பு. இடது 4, வலது 2.

பார்த்திருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்காது. வெட்கத்தில் காது மடல் சுட்டது.

"எனக்கு எப்பவும் ரெண்டு ஜோடி வாங்கணும்க்கா. அதான் விட்டிருப்பாங்க."

பூவிழி எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை. தப்பு தன்னுடையது என்பதுபோல் சொன்னாள், அதுவும் சமாதானக் குரலில்.

"அடுத்த வாரம் நானே கொண்டு வரேம்மா," என்றாள் பட்டியல் போட்டவள். சொன்னது அவள் காதுக்கே அசிங்கமாக இருந்தது.

சிறுமி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. திரையில் தன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இருக்குதே! என் பேரு இருக்குதேக்கா!"

விரல் பெயரிலிருந்து மெல்ல மேலே போனது. தலைப்பில் போய் நின்றது. உதடுகள் ஆங்கில எழுத்துகளைக் கூட்டத் தொடங்கின.

"கு... ப்..."

பட்டியல் போட்டவள் உள்ளங்கையை விரித்துத் திரையின்மேல் வைத்தாள்.

"நல்லாப் படிப்பா மேடம்," என்றார் பின்னால் வந்து நின்ற தலைமையாசிரியர், பெருமையோடு. "கைய எடுங்க, வாசிச்சுக் காட்டுவா."